காலி வீடு ஏன் முழங்குகிறது?

புது வீட்டுக்குக் குடிபோகும்போது கவனித்திருக்கிறீர்களா, குட்டீஸ்? சாமான் வந்து இறங்காத கூடத்தில் நின்று "அம்மா!" என்று கூப்பிட்டால், குரல் கணகணவென்று முழங்கும். கட்டில், மெத்தை, திரைச்சீலை எல்லாம் வந்த பிறகு கூப்பிட்டால் அந்த முழக்கம் இருக்காது. சுவரும் அதேதான், குரலும் அதேதான். பிறகு என்ன மாறியது?

காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். உங்கள் அறை 4 மீட்டர் அகலம் என்றால், ஒரே வினாடியில் எண்பது தடவைக்கு மேல் அது சுவருக்குச் சுவர் மோதிவிடும்! சிமென்ட் பூச்சு, டைல்ஸ் தரை, கண்ணாடி சன்னல் ஆகியவை கெட்டியானவை, வழவழப்பானவை. வந்த ஒலியில் பெரும்பகுதியை இவை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து அதன்மேல் விழும். இப்படி ஒலி உடனே அடங்காமல் நீடிப்பதற்கு எதிர்முழக்கம் என்று பெயர்.

பஞ்சு மெத்தை வேறு மாதிரி. அதில் ஆயிரக்கணக்கான நுண்ணிய இடுக்குகள் உண்டு. ஒலி உள்ளே நுழைந்ததும் அங்குள்ள காற்று இழைகளோடு உரசுகிறது. ஒலியின் ஆற்றல் மிகமிகச் சிறிய அளவு வெப்பமாக மாறிவிடுகிறது. நுழைந்த ஒலியில் கொஞ்சம்தான் திரும்பி வரும்.

எதிர்முழக்கத்தை முதன்முதலில் அளந்து கணக்குப் போட்டவர் வாலஸ் சபைன். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆசிரியர். அங்கே புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அறையில், பேசிய சொல் அடங்க ஐந்தரை வினாடி ஆனது. பாடம் யாருக்கும் புரியவில்லை! 1895இல் இதைச் சரிசெய்யும் வேலை அவரிடம் வந்தது. ஊர் அடங்கிய நள்ளிரவில், பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை உதவியாளர்களோடு தூக்கி வந்து அறையில் அடுக்கினார். ஆர்கன் என்ற இசைக்கருவியின் குழாய் ஒன்றை ஊதி நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்தார். மெத்தைகள் கூடக் கூட நேரம் குறைந்தது. எல்லாவற்றையும் போட்டதும் சுமார் ஒரு வினாடிக்கு இறங்கிவிட்டது.

ஒரு பொருள் எவ்வளவு ஒலியை உறிஞ்சுகிறது என்று அளக்க, திறந்த சன்னலைத்தான் அவர் அளவுகோலாக வைத்துக்கொண்டார். ஏன் தெரியுமா? அதன் வழியாக வெளியே போன ஒலி திரும்பி வராதே! இந்தக் கணக்கை வைத்து வடிவமைத்த பாஸ்டன் சிம்பனி அரங்கம் 1900இல் திறக்கப்பட்டது. இன்றும் அங்கே கச்சேரி நடக்கிறது. ஒலி உறிஞ்சுதலை அளக்கும் அலகுக்கு 'சபின்' என்று அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

ஆகவே, வீட்டை அழகுபடுத்துவது கண்ணுக்கு மட்டுமல்ல, காதுக்கும்தான். தாத்தா பாட்டிக்குப் பேச்சு சரியாகக் கேட்கவில்லையா? கூடத்தில் மடிப்பு மடிப்பாகத் தடித்த திரை போடச் சொல்லுங்கள், தரையில் ஜமுக்காளம் விரியுங்கள். பேச்சு தெளியும்.

இப்போதே ஒரு சோதனை செய்யலாம். குளியலறையில் ஒருமுறை கை தட்டுங்கள். பிறகு மெத்தையும் தலையணையும் உள்ள படுக்கையறையில் தட்டுங்கள். எங்கே முழக்கம் அதிகம், ஏன் என்று நோட்டில் எழுதி உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.