காளான் தின்ற மிச்சம்

மூன்று பறிப்பு முடிந்த சிப்பிக் காளான் படுக்கையை உறியிலிருந்து இறக்கினால் முதலில் தெரிவது எடைக்குறைவு. பையைக் கிழித்துப் பார்த்தால் வைக்கோல் வெளிறிக் கிடக்கும். ஒரு தாளை இழுத்தால் ஈரப் பஞ்சு போலப் பிய்ந்து வரும். புது வைக்கோலை அப்படிப் பிய்க்க முடியாது, விரலைத்தான் அறுக்கும்.

வைக்கோலுக்கு அந்த விறைப்பைத் தருவது லிக்னின். மாட்டு வயிற்றுக்கும் அது எளிதில் மசியாது. சிப்பிக் காளானின் வெள்ளை இழைகள் லாக்கேஸ் போன்ற நொதிகளைச் சுரந்து அதை உடைக்கின்றன. நாம் காளானைப் பறித்துக் குழம்பு வைத்துவிடுகிறோம். இளகிய நார் படுக்கையிலேயே இருக்கிறது. சாணம் கலந்து சில நாள் ஆறவிட்டுப் புழுத் தொட்டியில் போட்டால் மண்புழுவுக்குப் பாதி வேலை மிச்சம். பூசணம் படாத சுத்தமான பகுதியை மாட்டுக்கும் போடலாம்.

மொட்டுக் காளான் கதை வேறு. அது சிப்பியைப் போல வெறும் வைக்கோலில் வளராது, மட்கிய எருதான் வேண்டும். கோதுமை வைக்கோல், கோழி எரு, ஜிப்சம் எல்லாம் கலந்து நனைத்துக் குவித்து, சில நாளுக்கொரு முறை புரட்டிப் போடுவார்கள். குவியல் தானாகவே கொதிக்கும். பிறகு 60 டிகிரியை ஒட்டிய சூட்டில் வைத்து, அம்மோனியா நெடி அறவே போன பிறகுதான் வித்து. ஒரு கிலோ காளானுக்கு ஏறக்குறைய 5 கிலோ கழிவெரு மிஞ்சும் என்பது பொதுவான கணக்கு. அதில் உப்பு அதிகம், அப்படியே நாற்றங்காலுக்குப் போட்டால் நாற்று கருகும். வெயிலிலும் மழையிலும் ஓரிரு வருடம் கிடந்த பழைய எருவோ, அடுத்த மொட்டுக் காளானுக்கே மேல்மண்ணாகப் போகிறது.

காளானுக்காக இல்லாமல் மிச்சத்துக்காகவே காளானை வளர்ப்பதும் உண்டு. தென்னை நார்க்கழிவை மட்கவைக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறை: 1 டன் கழிவுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி சிப்பிக் காளான் வித்து, மாற்றி மாற்றி அடுக்கு. நார்க்கழிவில் தழைச்சத்து மிகக் குறைவு. கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112:1. மட்கி முடிந்தால் 24:1 அளவுக்கு இறங்கும். இங்கே காளான் கூலிக்கு வந்த ஆள், அவ்வளவுதான்.

பழைய படுக்கையைக் காளான் குடிலின் வாசலிலேயே குவித்து வைப்பதுதான் பலர் செய்யும் தவறு. ஈரம் காயாத குவியலில் ஈ மொய்க்கும், பச்சைப் பூசணம் பூக்கும். இந்தப் பச்சை, டிரைக்கோடெர்மா. வயலில் வேரழுகலுக்கு மருந்தாகக் காசு கொடுத்து வாங்கி விதைநேர்த்தி செய்வது இதன் உறவுக்காரனைத்தான். ஆனால் குடிலுக்குள் வந்தால், காளானின் இழையையே அழித்துவிடும். ஆகவே இறக்கிய அன்றே தூரத்துக் குழிக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

பாலித்தீன் பை மட்டும் எந்தக் குழிக்கும் ஆகாது. துளையிட்டுக் கிழித்த பையில் மறு படுக்கை கட்டவும் முடியாது; ஒட்டிய வைக்கோலை அலசிக் காயவைத்துப் பழைய பொருள் கடைக்குத்தான் போட வேண்டும். சிப்பிக் காளானில் படுக்கைக்கு ஒரு பை என்பதால் இது சேர்ந்துகொண்டே போகும்.