குவியம் தப்பிய முகம்

நாற்பது வயதைக் கடந்த எனக்கு அண்மையில் இரண்டு பொருள்கள் அடுத்தடுத்து வந்து வாய்த்தன. ஒன்று மூக்குக் கண்ணாடி. மற்றது டிஜிட்டல் கமரா. முதலாவதை வைத்தியர் தந்தார். இரண்டாவதை ஆசை தந்தது. வெள்ளெழுத்து விழுந்த என் கண்ணுக்கு, தானே பார்த்துத் தானே தெளிவாக்கிக்கொள்ளும் யந்திரம் ஒன்று துணை நிற்கும் என எண்ணி மகிழ்ந்தேன். அம்மகிழ்ச்சி ஒரு வாரங்கூட நிலைக்கவில்லை. கமராவைப் புதிதாகக் கையிலெடுக்கும் மாணவரும் பெற்றோரும் நான் செய்த பிழையைச் செய்யாதிருக்கட்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

உடப்புக் கரையில்

என்னோடு கற்பிக்கும் நண்பர் ஒருவர் உடப்பு ஊரவர். சிலாபத்துக்கு வடக்கே, ஒரு புறம் கடலும் மறுபுறம் களப்புமாக அமைந்த தமிழ்க் கிராமம் அது. திரௌபதை அம்மன் ஆலயத் தீமிதிப்பாலும், கடற்கரையிற் கேட்கும் அம்பாப் பாட்டாலும் பெயர் பெற்றது. தை மாதத்து விடியற்காலை ஒன்றில் நண்பர் என்னைக் கரைக்கு அழைத்துச் சென்றார். கடல் குளம்போல் அடங்கியிருந்தது. தோணியிற் கொண்டுபோய் வளைத்துவிட்ட கரைவலையின் இரு கயிறுகளையும் இரு சாரார் பற்றி இழுத்துக்கொண்டிருந்தனர். ஒரு சாராருக்கு முன்னே நின்ற பெரியவர் எழுபதைக் கடந்தவர். அவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர் ஏற்றுப் பாட, பாட்டின் இழுவையோடு கயிறும் கரையேறிற்று.

கரைவலையை யந்திரங்கொண்டு இழுக்கவும் சில இடங்களில் தொடங்கிவிட்டனர். யந்திரத்துக்குப் பாட்டு வேண்டியதில்லை. இந்தக் குரலுக்குரிய முகத்தையேனும் பதித்து வைப்போம் என்று கமராவைத் தூக்கினேன். அருகில் நின்ற பெரியவரின் பேத்தி, "சேர், தாத்தாவின் படம் ஒன்று எங்களுக்கும் தருவீர்களா? அடையாள அட்டையில் இருப்பதைத் தவிர வேறு படம் வீட்டில் இல்லை" என்றாள். தருவதாக வாக்களித்தேன்.

வீடு திரும்பிக் கணினித் திரையிற் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது நெஞ்சு திக்கென்றது. கயிற்றின் ஒவ்வொரு புரியும் தெரிந்தது. அதன் முடிச்சில் ஒட்டியிருந்த மணலைக்கூட எண்ணிவிடலாம். கயிற்றுக்கு அப்பால் இருந்த முகமோ பனிமூட்டத்தில் நின்றது. நாற்பது படங்களில் ஒன்றிலேனும் அம்முகம் தெளியவில்லை. கருவி பழுதோ என்றுதான் முதலில் ஐயுற்றேன். பழுது கருவியில் இல்லை.

கமரா பார்க்கும் விதம்

நம் கண்ணுக்குள் இருக்கும் வில்லை, அண்மையிலுள்ள பொருளைப் பார்க்கும்போது தடித்தும் தொலைவைப் பார்க்கும்போது மெலிந்தும் தன்னைத் திருத்திக்கொள்கிறது. வயது ஏற ஏற அது விறைத்துப்போவதே வெள்ளெழுத்தின் காரணம். கமராவின் கண்ணாடி வில்லைகள் தடிப்பதுமில்லை, மெலிவதுமில்லை. முன்னும் பின்னும் நகர்கின்றன. முற்காலத்தில் அவற்றைக் கையாற் திருகி நகர்த்தினர். அவ்வேலையைச் சிறு மோட்டார் ஒன்றிடம் ஒப்படைப்பதே 'ஓட்டோபோகஸ்' எனப்படும் தானியங்கிக் குவிப்பு.

இவ்வசதியோடு பெருந்தொகையாக விற்பனைக்கு வந்த முதற் கமரா, 1977 இல் யப்பானின் கொனிக்கா நிறுவனம் வெளியிட்ட சி35 ஏ.எப். என்பதாகும். மறு ஆண்டு அமெரிக்காவின் போலரோயிட் நிறுவனம் வேறொரு வழி கண்டது. செவிக்குக் கேளாத ஒலியை அனுப்பி, அது பொருளிற் பட்டு மீளும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளந்தது அதன் கமரா. யன்னற் கண்ணாடிக்கு அப்பால் இருப்பதைப் படமெடுக்க முயன்றாலோ, ஒலி கண்ணாடியிலேயே மோதித் திரும்ப, கருவி ஏமாந்தது. நமது கற்பிட்டிக் கடலில் துள்ளிச் சுழலும் டொல்பின்கள் எதிரொலி கேட்டு இரை தேடும் வித்தையும் இதுவே! 1985 இல் வந்த மினோல்ட்டா 7000, வில்லைகளை மாற்றிப் பொருத்தக்கூடிய பெரிய கமராவுக்கும் இவ்வசதியை உடலோடு சேர்த்து அமைத்து வெற்றி கண்டது.

இன்றைய கமராக்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளைக் கையாளுகின்றன. ஒரு வழியில், வில்லையின் இரு ஓரங்களால் வரும் ஒளியைக் கருவி ஒப்பிடுகிறது. இரண்டும் பொருந்தினாற் குவியம் சரி. விலகினால், எப்பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும். மற்ற வழி, வானொலிக் குமிழைத் திருகி நிலையம் தேடுவதை ஒத்தது. வில்லை முன்னும் பின்னும் நகர்ந்து, விளிம்புகள் எங்கே மிகக் கூர்மையாகின்றனவோ அங்கே நிற்கும். எவ்வழியாயினும் கருவிக்கு வேண்டியது வெளிச்சமும் நிறவேறுபாடும். வெறும் வானம், வெள்ளைச் சுவர், அந்திக் கருக்கல் ஆகியவற்றின் முன் அது பிடி கிடைக்காமல் அலைகிறது.

தெரிவு முழுவதையும் கருவியிடம் விட்டுவிட்டால், அது பெரும்பாலும் அண்மையில் உள்ளதையும் விளிம்பு தெளிந்ததையுமே பற்றிக்கொள்ளும். மனித முகத்தை இனங்காணும் ஆற்றல் இன்றைய கமராக்கள் பலவற்றுக்கு உண்டு. ஆயின், பக்கவாட்டிற் திரும்பி, தலைப்பாகை நெற்றியை மறைக்க, குறுக்கே கயிறு ஓட நின்ற பெரியவரை என் கமரா முகமென்று அறியவில்லை.

மாணவன் ஆசிரியனானான்

என் சங்கடத்தை அறிந்த உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், "சேர், கமராவை நீங்கள் கேட்கவே இல்லையே, அது தன் பாட்டுக்கு எடுத்திருக்கிறது" என்றான். வெட்கத்தை விட்டு அவனிடம் பாடங்கேட்டேன்.

முதற் பாடம், விசையைப் பாதி அழுத்துவது. பாதி அழுத்தியதும் கமரா குவியத்தைத் தேடும். கிடைத்ததும் திரையில் ஒரு சதுரம் பச்சையாக ஒளிரும். அதன் பின்னரே முழுதும் அழுத்த வேண்டும். நானோ இதுவரை கதவு மணியை அடிப்பதுபோல் ஒரே குத்தாகக் குத்தி வந்தேன். பச்சைச் சதுரம் எதன் மேல் விழுந்திருக்கிறது என்று பார்க்கும் பழக்கமும் அன்றுதான் வந்தது. குவியம் கிடைத்தது என்றுதான் பச்சை சொல்லும். வேண்டிய பொருளிற் கிடைத்ததா என்பதை அது சொல்லாது.

இரண்டாம் பாடம், பல புள்ளிகளை விட்டு ஒரு புள்ளியைத் தெரிவு செய்வது. அப்புள்ளியைப் படத்திலுள்ளவரின் கண்ணில் வைக்க வேண்டும். கண் தெளிந்தால் முகம் தெளிந்ததாகவே காண்போர் கொள்வர். இதனைப் பழக ஆனைவிழுந்தான் சரணாலயத்துக்குச் சென்றோம். 2001 ஆம் ஆண்டு ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. குளக்கரை மரங்களில் நீர்க்காகங்கள் சிறகு விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. பல புள்ளிகளோடு எடுத்தபோது முன்னே நின்ற கிளை தெளிந்தது. ஒரு புள்ளியோடு எடுத்தபோது கிளைகளின் இடைவெளியில் இருந்த பறவை தெளிந்தது.

மூன்றாம் பாடம், அசைவுக்கு ஏற்ற முறை. அசையாப் பொருளுக்கு ஒரு தரம் குவித்துப் பூட்டும் முறை. சில கமராக்களில் ஏ.எப்.எஸ். என்றும், சிலவற்றில் 'வன் ஷொட்' என்றும் குறித்திருக்கும். அசையும் பொருளுக்கு, பாதி அழுத்திய விரல் எடுபடும்வரை தொடர்ந்து குவிக்கும் முறை, ஏ.எப்.சி. அல்லது 'சேர்வோ' என்பது அது. டொல்பினுக்கும், ஓடும் பிள்ளைக்கும், கயிற்றை இழுத்தபடி பின்னோக்கி நடப்பவருக்கும் இதுவே உகந்தது.

இன்னும் இரண்டு நுணுக்கங்களை அவன் சொன்னான். மங்கிய படமெல்லாம் குவியம் தப்பியதன்று. படத்தில் ஏதோ ஒரு பொருள் தெளிந்திருந்தாற் பிழை பெரும்பாலும் குவியத்தில். எல்லாமே ஒரு திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கும். கண்வைத்துப் பார்க்கும் நோக்கியின் பக்கத்தில் ஒரு சிறு சக்கரம் உண்டு. அதைத் திருகி நம் கண்ணின் குறைக்கு ஏற்ப நோக்கியைத் திருத்தலாம். என் போன்ற வெள்ளெழுத்துக்காரர் மறக்கக்கூடாத சக்கரம் அது!

தெளிவு எது?

இதற்கிடையில் யூலியா மார்கரட் கமரன் என்னும் அம்மையாரின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. 1863 இல், தமது 48 ஆம் வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கமராவோடு இக்கலையைத் தொடங்கியவர் அவர். 1875 இல் கணவருடன் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே காலமாகி, பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். அவர் எடுத்த முகங்கள் மங்கலானவை என்று அக்காலத்து விமர்சகர்கள் குறை கூறினர். குவியம் இன்னதுதான் என்று விதிக்க யாருக்கு உரிமை என்று வானியல் அறிஞர் ஹெர்ஷெலுக்கு எழுதிய கடிதத்தில் அவர் கேட்டார். அவர் மங்கலைத் தெரிந்து ஏற்றுக்கொண்டவர். நான் தெரியாமல் விழுந்தவன். இருவருக்கும் உள்ள வேறுபாடு அதுவே.

மீண்டும் கரைக்கு

மாசி மாதத்தில் மறுபடியும் உடப்புக்குச் சென்றேன். பெரியவர் அதே இடத்தில் நின்றார். ஒரு புள்ளி, தொடர் குவிப்பு, 1/500 செக்கன். புள்ளியை அவர் கண்ணில் நிறுத்தி, கயிறு விலகுந்தோறும் அழுத்தினேன். அம்பாவின் அடியை எடுத்துக் கொடுக்க வாய் திறந்த கணத்தில், கண்ணோரச் சுருக்கங்களோடு அம்முகம் முழுதும் பதிந்தது.

படங்களை அச்சிட்டுக்கொண்டு அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். என் பிழைக்குச் சாட்சியாக முதல் நாட் படம் ஒன்றையும் எடுத்துச் சென்றிருந்தேன். பெரியவர் படத்தைக் கை நீட்டி எட்டப் பிடித்துப் பார்த்தார். அவருக்கும் வெள்ளெழுத்து! என் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். முகப் படத்தைப் பார்த்துச் சிரித்து, பேத்தியிடம் நீட்டினார். பின், நான் பிழையென்று கொண்டுபோனதை எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, இந்த முடிச்சு நான் போட்டது. இப்ப உள்ள பிள்ளைகளுக்கு இது வராது" என்று சொல்லி, அந்தப் படத்தைத் தமக்கென்று வைத்துக்கொண்டார்.

மாணவ நண்பர்களே, கமரா தூரத்தை அளக்கும், விளிம்பைத் தேடும், கண்ணைக்கூடக் கண்டுபிடிக்கும். எது வேண்டியது என்பதை மட்டும் அது அறியாது. அதனைச் சொல்லும் விசைகளைக் கற்றுக்கொள்வது ஒரு வார வேலை. என்ன சொல்வது என்பதை அறிய, படமெடுக்கும் முன் எதிரே நிற்பவரோடு இரண்டு வார்த்தை பேசுங்கள். நான் பேசியிருந்தால், முதல் நாளே கயிற்றையும் முகத்தையும் தெரிந்தே எடுத்திருப்பேன்.