உச்ச ஸ்தாயிக்குச் சொல் தரும் விலை

மேடைக்கு முன்னே பள்ளத்தில் ஒரு முழு வாத்தியக் குழு. எதிரே 2,000 பேருக்கு மேல் அமரும் அரங்கு. மைக் கிடையாது. பெண்குரல்களில் மிக உயர்ந்த ஸ்தாயியில் பாடும் ஓபராப் பாடகியைச் சோப்ரானோ என்பார்கள். அவருடைய குரல் இத்தனையையும் தாண்டிக் கடைசி வரிசைவரை போய்ச் சேர வேண்டும். தொண்டையை வருத்திக் கத்தினால் நடக்காது, குரல்தான் கெடும். இதற்கென்று ஒரு சாதகம் இருக்கிறது, அதற்குள் நல்ல இயற்பியலும் இருக்கிறது. ஆஸ்திரேலிய சோப்ரானோ ஜோன் சதர்லேண்ட் வளர்ந்த விதத்தில் இரண்டையும் பார்க்கலாம்.

1926இல் சிட்னியில் பிறந்தவர். தாய் மியூரியல், சோப்ரானோவுக்கு ஒரு படி கீழான மெஸ்ஸோ குரல் கொண்டவர். தாய் சாதகம் செய்வதைக் கேட்டுக் கேட்டே மகளுக்கு மூச்சுப் பிடிக்க வந்துவிட்டது. விலா எலும்புகளை விரித்தபடியே வைத்துக்கொண்டு, உதரவிதானம் சட்டென்று மேலெழாமல் காற்றைச் சிறுகச் சிறுக விடும் முறை அது. முறையான பயிற்சி 18 வயதில்தான் தொடங்கியது. தாயைப் போலத் தானும் மெஸ்ஸோதான் என்றே நெடுநாள் நம்பியிருந்தார். தட்டச்சு வேலை பார்த்தபடி பாடினார். போட்டிகளில் வென்ற பிறகு, 1951இல் லண்டன் போனார்.

அடுத்த ஆண்டே கோவன்ட் கார்டன் ஓபராவில் இடம் கிடைத்தது. கிடைத்தவை சின்னச் சின்ன வேடங்கள். 'நோர்மா' ஓபராவில் புகழ்பெற்ற பாடகி மரியா காலஸ் நாயகி, சதர்லேண்ட் பணிப்பெண். கனமான அந்தக் குரலை இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராக்களுக்குத் தயார்செய்யலாம் என்பது பலருடைய எண்ணம். 1954இல் அவர் மணந்துகொண்ட பியானோக் கலைஞர் ரிச்சர்ட் போனிங் இதை ஏற்கவில்லை; அந்தக் குரல் இன்னும் மேலே போகும் என்று நம்பினார். மனைவிக்கு ஸ்வரத்தைக் கேட்டதும் அது எந்தக் கட்டை என்று சொல்லும் திறன் இல்லை. அதையே வசதியாக்கிக்கொண்டு, பியானோவின் கட்டைகள் கண்ணில் படாதபடி நிற்கவைத்து, பயிற்சியைச் சொல்லாமல் கொள்ளாமல் உயர்த்திக்கொண்டே போனார். எட்டாது என்று நினைத்திருந்த ஸ்வரங்களை, எவை என்று தெரியாமலே சதர்லேண்ட் பாடினார்! பயம்தான் பூட்டாக இருந்திருக்கிறது.

உச்ச ஸ்வரங்களைப் பாடும்போது உடலுக்குள் நடப்பது என்ன? குரல்நாண்கள் எழுப்பும் ஒலியைத் தொண்டையும் வாயும் சேர்ந்த குழாய் வலுவாக்குகிறது. அந்தக் குழாய்க்கென்று ஒத்ததிர்வு எண்கள் உண்டு. முதலாவது எண் பெண்களுக்கு 'ஈ' சொல்லும்போது ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸ். 'ஆ' சொல்லும்போது 800 ஹெர்ட்ஸுக்கும் மேல். சோப்ரானோவின் உச்ச ஸ்வரங்களோ 1,000 ஹெர்ட்ஸைக் கடப்பவை. பாடும் ஸ்வரம் ஒத்ததிர்வைத் தாண்டி மேலே போய்விட்டால் குழாயின் துணை நின்றுபோகும், குரல் மெலியும். அதனால் பாடகி தாடையை இறக்கி, வாயை அகலத் திறந்து, ஒத்ததிர்வையே ஸ்வரத்தின் உயரத்துக்குக் கொண்டுவருகிறார். ஸ்வீடன் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெர்க் 1970களில் இதை விளக்கினார். பாடிக்கொண்டிருக்கும் சோப்ரானோக்களின் வாயருகே ஒலி செலுத்தி இதை நேரடியாக அளந்து, 2004இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டவர்கள் சதர்லேண்டின் சொந்த ஊரான சிட்னியின் விஞ்ஞானிகள்.

இதற்கு ஒரு விலை உண்டு. 'ஈ'யா 'ஆ'வா என்று காது பிரித்தறிவதே ஒத்ததிர்வுகளை வைத்துத்தான். அவற்றை ஸ்வரத்துக்காக இடம் மாற்றிவிட்டால் உச்சத்தில் எல்லா உயிரெழுத்துகளும் ஒன்றுபோலவே ஒலிக்கும். வாயைக் குறுக்கி 'ஈ' என்று உங்களால் முடிந்தவரை மேலே போய்ப் பாருங்கள்; தாடை தானாகவே இறங்கப் பார்க்கும்.

1959 பிப்ரவரியில் கோவன்ட் கார்டனில் ஓபரா நாயகி 'லூசியா'வாகப் பாடிய இரவிலிருந்து சதர்லேண்ட் உலகப் புகழ் பெற்றார். சொற்கள் குழைகின்றன என்ற குறையும் கூடவே வந்தது. நடு ஸ்தாயியில் அந்தக் குறை நியாயமானதே; அங்கே சொல்லைத் தெளிவாக உச்சரிக்க இடமிருக்கிறது. உச்ச ஸ்தாயியில் அவரைக் குறை சொல்வது அநியாயம். அங்கே எந்தப் பாடகிக்கும் அது முடியாது.

1990இல் சிட்னி ஓபரா ஹவுஸ் மேடையில் அவர் விடைபெற்றபோது வயது 63.