புத்தாண்டில் குடும்பத்துக்கு என்ன இலக்கு? நெல்லை வீடுகளுக்கு 4 யோசனைகள்!

புத்தாண்டு வந்தாலே வீட்டில் ஆளுக்கொரு சபதம். அப்பாவுக்கு வாக்கிங், அம்மாவுக்கு சேமிப்பு, பிள்ளைகளுக்கு மார்க். பொங்கல் முடிவதற்குள் பாதி மறந்துபோகும். குடும்பமே சேர்ந்து எடுக்கும் இலக்கை வருஷம் முழுக்க காப்பாற்றுவது எப்படி?

ஏன் மறந்துபோகிறது?

"இந்த வருஷம் எல்லாரும் சேர்ந்து எங்கயாவது போகணும்" என்பது ஆசை மட்டும்தான். எப்போது, எங்கே, எப்படி என்று முன்பே முடிவு செய்பவர்கள்தான் இலக்கை அதிகம் எட்டுகிறார்கள் என்கின்றன உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள். 2006-ல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதே முடிவுதான் கிடைத்தது. தாமிரபரணிக் கரை மக்களுக்கு அந்த 'எப்போது' ஏற்கெனவே காலண்டரில் இருக்கிறது.

1. ஜனவரி: பறவை பார்க்கலாம்

நாங்குநேரி அருகே உள்ள கூந்தன்குளத்துக்கு வலசை பறவைகள் வரும் சீசன் இது. ஒருநாள் டிரிப்பாகவே போய் வரலாம். 2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பும் நடக்கிறது. குளம் குளமாகச் சென்று பறவைகளை எண்ணுவதில் மாணவர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்துகொள்கிறார்கள்.

2. ஆனி: சொந்தக் கதை சேகரிக்கலாம்

நெல்லையப்பர் கோயில் தேரோட்டத்துக்கு வெளியூர் சொந்தங்களும் வருவாங்க. தாத்தா, ஆச்சி சொல்லும் குடும்பக் கதைகளை பேரப்பிள்ளைகள் செல்போனில் பதிவு செய்யலாம். இதற்குச் செலவே கிடையாது.

3. அக்டோபருக்குள்: வெள்ளத்துக்கு தயாராகலாம்

இதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த பேய்மழையை யாரும் மறந்திருக்க மாட்டாங்க. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை மீறி ஊருக்குள் புகுந்தது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் பத்திரம், ரேஷன் கார்டு, மார்க் ஷீட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள். ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றை டிஜிலாக்கரில் சேருங்கள். தண்ணீர் வந்தால் யார் வீட்டுக்குப் போவது, ஆச்சியை யார் அழைத்துப் போவது என்பதையும் அன்றே பேசி முடியுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077-ஐ சின்னப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

4. வருஷம் முழுக்க: புத்தக உண்டியல்

தினமும் கையில் மிஞ்சும் சில்லறையை ஒரே உண்டியலில் போடுங்கள். பொருநை நெல்லை புத்தகத் திருவிழா அறிவிப்பு வந்ததும் உடைக்கலாம். ஆளுக்கொரு புத்தகம், அவரவர் விருப்பப்படி.

எப்படி முடிவு செய்வது?

ஒரு சாயங்காலம் டிவியை அணைத்துவிட்டு எல்லோரும் உட்காருங்கள். வயசு வித்தியாசம் இல்லாமல் ஆளுக்கு ஒன்று சொல்லட்டும். பிள்ளைகளைக் கேட்காமல் எடுத்தால் அது பெற்றோரின் இலக்கு, குடும்பத்தோடது இல்லை. நான்குக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பொறுப்பு. தேதியை சுவர் காலண்டரில் பேனாவால் வட்டமிடுங்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு 15 நிமிஷம் பேசினால் போதும். ஏதாவது ஒன்று தவறிப்போனால் யாரையும் திட்டாமல் அடுத்த தேதியைக் குறியுங்கள். வெள்ளத் தயாரிப்பு மட்டும் அக்டோபரைத் தாண்டக் கூடாது.