வீட்டுப் பின்புறத்தில் செயற்கைப் புல் ஆடுகளம்

வேலை முடிந்த மாலைப் பொழுதில் பிள்ளைகள் ஓடியாடி விளையாட ஓர் இடம் வேண்டும் என்பது தோட்டப்புறக் குடும்பங்கள் யாவற்றுக்கும் உள்ள விருப்பமாகும். முன்னாளில் லயங்களை அடுத்து ஒரு திடல் இருந்தது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியும் விட்டதால், அத்தகைய திடல்கள் பல இன்று மறைந்துவிட்டன. ஆகவே, சொந்த வீட்டின் பின்புறத்திலேயே செயற்கைப் புல் விரித்துச் சிறு ஆடுகளம் அமைத்துக்கொள்ளலாமா என்று எண்ணுவோர் உளர். பல மாதச் சேமிப்பை இதில் இடுவதற்கு முன் சில செய்திகளை அறிந்திருத்தல் நலம்.

1975-ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் நடைபெற்ற உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி இயற்கைப் புல்தரையில்தான் ஆடப்பட்டது. அப்போட்டியில் மலேசியா நான்காம் இடத்தைப் பெற்றது. அடுத்த ஆண்டு, 1976-இல், மொன்றியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரைக்கு மாறிற்று. 2002-இல் உலகக் கிண்ணம் மீண்டும் கோலாலம்பூருக்கு வந்தபோது செயற்கைப் புல்லே விரிக்கப்பட்டிருந்தது. அன்று பெரும் அரங்குகளுக்கு மட்டும் உரியதாயிருந்த இப்பொருள், இன்று கடைகளில் சுருளாகக் கிடைக்கிறது.

செயற்கைப் புல் என்பது பிளாஸ்டிக் இழைகளை ஒரு விரிப்பில் தைத்துச் செய்யப்படுவது. தரைக்கு நெகிழ்வு தருவதற்காகப் பெரிய காற்பந்துத் திடல்களில் பழைய டயர்களை அரைத்த ரப்பர் துகள்களைத் தூவுவது வழக்கம். கனரக வாகன டயர்களில் இயற்கை ரப்பர் மிகுதி. எனவே, நம் கைகள் சீவிய பாலும் அத்துகள்களில் கலந்திருக்கக்கூடும். எனினும், அவை மழைநீரோடு வாய்க்காலில் கலந்து சுற்றுப்புறத்தைக் கெடுக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய விதியின்படி, 2031 அக்டோபர் முதல் அங்கு இவற்றின் விற்பனை தடை செய்யப்படும். வீட்டுக் களத்திற்குக் குட்டை இழைப் புல்லும் சுத்தமான மணலுமே போதும்.

எந்த ஆட்டத்திற்காகக் களம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். பூப்பந்து இரட்டையர் களமும் செப்பாக் தக்ரோ களமும் ஒரே அளவுடையவை: 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். ஆயினும், தக்ரோவுக்குப் புல்தரையும் மணல்தரையும் ஏற்றவையல்ல என்பதால், அதற்குச் சிமெண்டுத் தரையே சிறந்தது. பூப்பந்தும் சிறுவர் காற்பந்தும் ஆடுவதற்குச் செயற்கைப் புல் பொருந்தும். கோட்டிற்கு வெளியே பக்கங்களில் 1.5 மீட்டரும் முனைகளில் 2 மீட்டரும் விட்டால், மொத்த இடம் 17.4 மீட்டருக்கு 9.1 மீட்டர், அதாவது ஏறத்தாழ 158 சதுர மீட்டர் ஆகும். அவ்வளவு இடமில்லாதோர் சிறிய களமாகவே அமைத்துக்கொள்ளலாம்.

இனி, முதன்மையான செய்திக்கு வருவோம். சுங்கை புரோங், தஞ்சோங் காராங் வட்டாரம் கடலோரத் தாழ்நிலம். மண் களிமண். ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். தோண்டினால் சிறிது ஆழத்திலேயே நீர் தென்படும். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். ஆகவே, 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் மேற்கண்ட களத்தில் ஏறத்தாழ 7,900 லிட்டர், அதாவது 200 லிட்டர் பீப்பாய்கள் 40 நிரம்பும் அளவு நீர் விழும். இந்நீர் வெளியேற வழியின்றி வெறுங் களிமண்மீது புல்லை விரித்தால், அடியில் சேறு தங்கும், தரை மேடுபள்ளமாகும், கால் பிசகும். தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டு டிங்கிக் காய்ச்சல் பரவவும் இடமுண்டு.

ஆதலால், வேலையை இவ்வொழுங்கில் செய்தல் வேண்டும். முதலாவது, மேல்மண்ணை 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை அகற்றி, தரையை இறுக்க வேண்டும். இரண்டாவது, கல் சேற்றில் புதையாதவாறு, நீரை விடும் தடிப்புத் துணி ஒன்றைப் பரப்ப வேண்டும். மூன்றாவது, உடைத்த கல்லை இரண்டு அடுக்குகளாக மொத்தம் 15 சென்டிமீட்டர் கனத்திற்கு இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் இயந்திரத்தால் இறுக்க வேண்டும். இதற்கு ஏறத்தாழ 24 கன மீட்டர் கல் தேவை. நான்காவது, கல்தூளை 2 அல்லது 3 சென்டிமீட்டர் பரப்பி, நடுவிலிருந்து இரு பக்கமும் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு வரும்படி நூல் கட்டி மட்டம் பார்க்க வேண்டும். ஐந்தாவது, சுற்றிலும் சிறு கால்வாய் வெட்டி, அருகிலுள்ள பாரிட்டுக்கு நீர் செல்ல வழி செய்ய வேண்டும். அண்டை வீட்டுப் பக்கம் திருப்பிவிடலாகாது.

புல் விரிக்குமுன் வாளிகளால் நீர் ஊற்றிப் பார்த்தல் நன்று. நீர் தங்கும் இடங்களை அப்பொழுதே சரி செய்யலாம். பின்னர், இழைகள் யாவும் ஒரே திசையில் சாயும்படி சுருள்களை விரித்து, இணைப்பு நாடாவும் பசையும் கொண்டு ஒட்டி, மணலைத் தூவித் துடைப்பத்தால் சீராக்க வேண்டும்.

இப்புல்லுக்கு ஒரு குறையும் உண்டு. நண்பகல் வெயிலில் இது இயற்கைப் புல்லைவிட மிகுதியாகச் சூடேறும்; வெறுங்காலுடன் நிற்க இயலாது. காலையும் மாலையுமே ஆடுவதற்கு உகந்த வேளை. பழுதடைந்த விரிப்பை எரித்தலும் கூடாது. நச்சுப் புகை எழும்.

தோட்ட நிர்வாகத்தின் வீட்டில் குடியிருப்போர் எழுத்து மூலம் அனுமதி பெற்ற பின்னரே மண்ணைத் தோண்ட வேண்டும். சொந்த வீடாயினும், பொதுக் கால்வாய்க்கென ஒதுக்கிய நிலத்தை மூடிவிடலாகாது.

பணம் போதாதவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. இவ்வாண்டு கல்லடித்தளத்தையும் கால்வாயையும் மட்டும் அமைத்து, இறுகிய கல்தூள் தரையிலேயே வலை கட்டிப் பூப்பந்து ஆடலாம். அண்டை அயலார் நாலைந்து குடும்பங்கள் கூடிக் கோத்தோங் ரோயோங் முறையில் உழைத்தால் கூலிச் செலவும் குறையும். புல்லை மறு ஆண்டு வாங்கிக்கொள்ளலாம். அடித்தளமின்றி முதலில் புல்லை வாங்கியவர் இருமுறை செலவு செய்வார். அடித்தளத்தை முதலில் அமைத்தவர் ஒரு முறையே செலவு செய்வார்.