இத்தாலியர் சமையலும் பாலாடைக்கட்டியும்

பாலாடைக்கட்டி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பீசாவின் மேல் நூல் நூலாக இழுபடும் அந்த வெள்ளைப் பொருள்தான். அதை மட்டும் வைத்து இத்தாலியச் சமையலை எடைபோடுவது, தோசையைத் தின்றுவிட்டுத் தமிழர் சமையல் முழுவதையும் அறிந்துவிட்டேன் என்று சொல்வதற்கு ஒப்பாகும். இத்தாலியர்களுக்கு அது ஓரிடத்தில் உணவு, ஓரிடத்தில் உப்பு, இன்னோரிடத்தில் மசாலை.

முதலில் அந்த இழுபடும் கட்டியையே பார்ப்போம். நம் வீட்டில் காய்ச்சிய பாலில் எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்து எடுக்கும் பன்னீர், அடுப்பில் எவ்வளவு நேரம் கிடந்தாலும் உருகுவதில்லை. மொசரெல்லா உருகுகிறது. இரண்டும் பால்தானே, ஏன் இந்த வேறுபாடு? பன்னீர் புளிப்பால் திரிவது. மொசரெல்லா ரென்னெட் என்னும் நொதியால் உறைவது. நொதியால் உறைந்த பாலில் புரதங்களைச் சுண்ணாம்புச் சத்து பிணைத்து வைத்திருக்கும். அதைச் சற்றுப் புளிக்கவிட்டால் அப்பிணைப்பு தளரும். பிறகு சுடுநீரில் இட்டு இழுத்தால் கட்டி இழை இழையாக நீளும். நேப்பிள்ஸ் நகரைச் சூழ்ந்த கம்பானியா வட்டாரத்தில் எருமைப் பாலில் செய்யும் மொசரெல்லாவுக்குத் தனிப்பெயர் உண்டு.

வடக்கே போனால் பார்மிஜானோ ரெஜ்ஜானோ. பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மோடெனா ஆகிய மாநிலங்களிலும், பொலோனியா, மந்தோவா மாநிலங்களின் ஒரு பகுதியிலும் மட்டுமே இதைச் செய்யலாம். மாலையில் கறந்த பாலை இரவெல்லாம் வைத்து ஆடை நீக்கி, காலைப் பாலுடன் கலந்து செப்புக் கொப்பரையில் ஊற்றுகிறார்கள். ஏறக்குறைய 40 கிலோ எடையுள்ள ஒரு சக்கரத்துக்குச் சுமார் 550 லிட்டர் பால் வேண்டும். உப்புநீரில் ஊறிய பின் அது குறைந்தது 12 மாதம் அலமாரியில் முதிர வேண்டும். 24, 36 மாதம் காத்திருப்பதும் வழக்கம். இந்தச் சக்கரங்களை ஈடாகப் பெற்றுக்கொண்டு கடன் கொடுக்கும் வங்கியே அங்கு இருக்கிறது என்றால் பாருங்களேன்!

முதிர முதிரப் புரதம் உடைந்து குளூட்டமேட் பெருகுகிறது. 1908இல் ஜப்பானியர் இக்கேடா கடற்பாசியில் கண்டறிந்த அதே சுவைப்பொருள்தான் இது. நம் அடுக்களைகளில் அஜினோமோட்டோவாக இருப்பதும் இதுவே. இத்தாலிய வீடுகளில் துருவி முடிந்த கட்டியின் காய்ந்த தோலைக்கூட எறியாமல் காய்கறி சூப்பில் போட்டுக் கொதிக்க விடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த சிக்கனம் இது.

ரோமாபுரியின் காச்சோ எ பேப்பே இன்னும் எளிமை: பாஸ்தா, ஆட்டுப்பாலில் செய்த பெக்கோரினோ, மிளகு. சங்க காலத்திலேயே சேர நாட்டு மிளகு ரோமாபுரிக்குக் கப்பலேறியதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். கட்டியைச் சுடச்சுடக் கலந்தால் திரண்டுவிடும். பாஸ்தா வெந்த நீரிலுள்ள மாவுச்சத்துதான் அதைக் குழம்பாக வைத்திருக்கிறது. மீன், சிப்பி சேர்ந்த பாஸ்தாவில் மட்டும் அவர்கள் பெரும்பாலும் சீஸ் தூவுவதில்லை.

இனி நம்மவர் கவனிக்க வேண்டிய செய்தி. மரபான ரென்னெட் எங்கிருந்து வருகிறது? பால்குடி மறவாத கன்றுக்குட்டியை அறுத்து, அதன் நான்காம் இரைப்பையிலிருந்து எடுக்கிறார்கள். பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்குக் கன்றின் ரென்னெட்தான் போட வேண்டும் என்பது விதி. பெக்கோரினோ ரோமானோவுக்கு ஆட்டுக்குட்டியினுடையது. ஆகவே, இறைச்சி இல்லை என்பதற்காக உணவகத்தின் சைவப் பட்டியலில் பார்மிஜானோ தூவிய பாஸ்தாவைச் சேர்ப்பது சரியல்ல என்பது என் கருத்து.

அதற்காகச் சீஸையே ஒதுக்க வேண்டியதில்லை. பூஞ்சையிலிருந்தும் நுண்ணுயிர்களிடமிருந்தும் பெறும் ரென்னெட் இன்று பரவலாகப் பயன்படுகிறது. மஸ்கார்போனே பன்னீரைப் போலப் புளிப்பால் உறைவது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அசலை மட்டுமே ‘பார்மசான்’ என்று விற்கலாம் என 2008இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளியே அந்தக் கட்டுப்பாடு எல்லா நாடுகளிலும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அசலை விரும்பும் சுவைஞர் ஒதுக்கும் போலிதான் சில வேளை சைவருக்கு ஏற்றதாக இருக்கிறது. மாட்டிறைச்சி சேர்க்காத வீட்டில் வளர்ந்த நான் பேரங்காடியில் பொட்டலத்தைத் திருப்பி, ரென்னெட் எந்த வகை என்று பார்த்த பிறகே கூடையில் போடுகிறேன்.