போத்தலில் மீந்த மருந்து

மன்னார்த் தீவின் தென்கரையில் இருக்கும் தாழ்வுபாட்டில் வாடைக் காற்று வந்திறங்கும்போது தடிமனும் கூடவே வந்திறங்கும். ஒரு வீட்டுப் பிள்ளை தும்மினால், மூன்றாம் நாள் அவ்வொழுங்கைப் பிள்ளைகள் எல்லோருக்கும் மூக்கு ஒழுகும். அடுப்பிற் கொத்தமல்லி கொதிக்கும். ஆச்சிமார் நெஞ்சில் தைலம் தடவுவர். இவற்றோடு, அலுமாரித் தட்டிலிருந்து ஒரு சிறு போத்தலும் கீழே இறங்கும். சென்ற காய்ச்சலின்போது மூத்த பிள்ளைக்கு வாங்கிய மருந்து அது. பிள்ளை எழுந்து விளையாடப் போனதும், மீதியைப் 'பிறகு உதவும்' என்று மூடி வைத்திருப்பார்கள். இக்கரையோர வீடுகளோடு பழகிய எனக்கு அப்போத்தல் பழைய அறிமுகம். ஊர்மேற் பழி சொல்ல நான் வரவில்லை. அது கொழும்பு மாடிவீடுகளிலும் உண்டு.

அன்ரிபயோட்டிக் என்றும் நுண்ணுயிர்க்கொல்லி என்றும் நாம் வழங்கும் மருந்து, பக்டீரியா என்னும் கிருமிகளை அழிப்பது. தடிமனையும், பிள்ளைகளுக்கு வரும் பெரும்பாலான இருமலையும், தொண்டை நோவிற் பெரும்பங்கையும் உண்டாக்குவதோ வைரசு. டெங்குவும் வைரசுதான். வைரசின்மேல் இம்மருந்தின் அதிகாரம் செல்லாது. ஆயினும், மருந்து குடித்த பிள்ளை ஒரு கிழமையிற் சுகமாகி விடுகிறதே என்பீர்கள். தடிமன் பெரும்பாலும் ஒரு கிழமையில் தானாகவே போய்விடும். பெருமை மட்டும் போத்தலுக்குப் போய்ச் சேருகிறது.

தாய்மாரைக் குறை கூறுவது எளிது. கணவன் கடலுக்குப் போயிருக்க, அனலாய்க் கொதிக்கும் குழந்தையை நள்ளிரவில் மடியிற் கிடத்தியிருப்பவள் ஏதாவது கொடுத்தாக வேண்டுமென்று தவிப்பாள். அரசாங்க வைத்தியசாலையில் மருந்து இலவசமே. ஆனால் ஒரு பகலும் அன்றைய கூலியும் போய்விடும். மருந்துக் கடைக்காரரும் அவளுக்குத் துணை நிற்பதில்லை. வைத்தியரின் சிட்டையின்றி இம்மருந்தை விற்கலாகாது என்பது சட்டம். ஆயினும், சிட்டை ஏதுமின்றி வந்த ஒருவருக்கு, பிள்ளையின் வயதைக்கூடக் கேளாமல் ஒரு கடைக்காரர் அதனை எடுத்துக் கொடுத்ததை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

எனவே அத்தாய்க்கு வேண்டியது ஓர் அளவுகோல். அது குழந்தையின் மூச்சிலேயே இருக்கிறது. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும் வேளையிற் சட்டையை உயர்த்தி, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, ஒரு முழு நிமிஷத்தில் நெஞ்சு எத்தனை தரம் எழுகிறது என்று எண்ணவேண்டும். 2 மாதம் நிரம்பாத சிசுவுக்கு 60, 2 முதல் 11 மாதம் வரை 50, அதன்பின் 5 வயது வரை 40 என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. இருமும் பிள்ளைக்கு எண்ணிக்கை அதனை எட்டினால் நியுமோனியாவோ என்று ஐயுற்று வைத்தியரிடம் போகவேண்டும். மூச்சிழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பாகம் உள்வாங்கினாலோ, பிள்ளை பால் குடிக்க மாட்டாமற் சோர்ந்தாலோ, வலிப்புக் கண்டாலோ எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம். உடனே புறப்பட வேண்டியதுதான். 3 மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே அப்படித்தான். நியுமோனியாவில் அமொக்சிசிலின் உயிர் காக்கும் மருந்து. ஆனால் நீர் விட்டுக் கலக்கிய அப்பாணி சில நாள்களுக்கே வீரியம் தாங்கும். பழம்போத்தலின் ஒரு கரண்டி தந்த நிம்மதியில் தாய் உறங்கிவிட, பிள்ளைக்கு வேண்டிய அந்த ஓர் இரவு வீணே கழிந்துவிடுகிறது.

இன்னொரு தீங்கும் உண்டு. பென்சிலினை 1928இற் கண்ட அலெக்சாந்தர் பிளெமிங், 1945 டிசம்பரில் நிகழ்த்திய நோபெல் பேருரையில் ஒரு கற்பனைக் குடும்பத்தின் கதையைச் சொன்னார். தொண்டை நோவு கண்ட ஒருவர் தாமே பென்சிலின் வாங்கிப் போதாத அளவு உட்கொள்கிறார். கிருமி சாகாமல் மருந்தை எதிர்க்கப் பழகுகிறது; மனைவியைத் தொற்றி நியுமோனியாவாகிறது; மருந்து பலிக்காமல் அவள் இறக்கிறாள். கரைவலைக்குத் தப்பும் மீன் சிறியது. அரைகுறை மருந்துக்குத் தப்பும் கிருமியோ வலியது. வேண்டாத நோய்க்கு முழு அளவிற் கொடுத்தாலும் குடலில் வாழும் கிருமிகள் அதே பாடத்தைப் படித்துக்கொள்ளும்.

விசித்திரம் என்னவெனில், தொண்டையைத் தாக்கும் முக்கியமான ஸ்ரெப்ரோகொக்கசுக் கிருமி இன்றுவரை பென்சிலினுக்கு அடங்கியே இருக்கிறது. அதனைக் கவனியாது விட்டால் வாதக் காய்ச்சலாகி இதயத்தின் வால்வுகளைக் கெடுத்துவிடும். ஆகவே வைத்தியர் அக்கிருமிதான் என்று கண்டு 10 நாள் குடிக்கச் சொன்னால், 10 நாளும் குடித்தே ஆகவேண்டும். மற்றைக் கிருமிகள் அவ்வளவு தயவு காட்டவில்லை. 2019ஆம் ஆண்டில், மருந்துக்கு அடங்காத பக்டீரியாத் தொற்றுகளே நேர்க் காரணமாக உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்பது அறிஞர் மதிப்பீடு.

மருந்தை அளந்து வழங்கும் எண்ணம் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரான பேராசிரியர் சேனக பிபிலே, ஏறத்தாழ 2100 ஆக இருந்த இறக்குமதி மருந்துகளை 600 அளவுக்குக் குறைத்தவர். 2022இன் நெருக்கடியில் வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்தபோது அவரை நான் பலமுறை நினைத்துக்கொண்டேன். அக்கரையில், 2012 ஆகஸ்டிற் சென்னையிற் கூடிய வைத்தியர்கள் இக்கிருமிகளைப் பற்றி ஒரு பிரகடனமே செய்தனர். 2014 மார்ச் முதல் வீரியம் மிக்க பல நுண்ணுயிர்க்கொல்லிகளின் விற்பனைக்கு இந்திய அரசு கடுமையான விதி விதித்தது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு ஓடிய கப்பல் 1964இன் புயலோடு நின்றுபோயிற்று. கிருமிக்குக் கப்பல் தேவையில்லை.

'அப்படியானால் இருமலுக்கு என்னதான் கொடுப்பது?' என்று கேட்பது நியாயமே. தாய்ப்பாலும் வெந்நீராகாரமும் போதும். ஒரு வயது கடந்த பிள்ளைக்குத் தேன் கொடுக்கலாம், அதற்குட்பட்டோருக்குத் தேன் ஆகாது. காய்ச்சலுக்குப் பிள்ளையின் நிறைக்கேற்ற பரசிற்றமோல். வெறும் வயிற்றோட்டத்துக்கு ஜீவனிக் கரைசல். இரண்டு வயது கடந்த பிள்ளையின் இலேசான காது நோவு கூடப் பெரும்பாலும் மூன்று நாளில் தணியும். அதனைப் பொறுத்துப் பார்க்கலாமா என்பதை வைத்தியர் சொல்லட்டும். அவர் பாணி எழுதிக் கொடுத்தால், 'ஐயா, இது கட்டாயம் வேண்டுமா? எத்தனை நாள் கொடுப்பது?' என்று கேட்டுவிடலாம். அக்கேள்விக்குச் சினந்த வைத்தியர் எவரையும் நான் இதுவரை கண்டதில்லை.